எந்த வருத்தம், யாருடைய வருத்தம்? துயரச் சொற்களை எழுதத் தொடங்குபவர்களுக்கு

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் ஒருமுறை எனக்கு எழுதியிருந்தார்: "அம்மாவுக்கு ஒரு கிழமையா வருத்தம்." நான் உடனே, "யாராவது மனம் நோகும்படி ஏதும் சொல்லிவிட்டார்களா?" என்று பதில் போட்டேன். அவருடைய அம்மா அப்போது மருத்துவமனையில் இருந்தார். இலங்கைத் தமிழில் வருத்தம் என்றால் நோய், வருத்தக்காரர் என்றால் நோயாளி. எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

மெய்ப்புப் பார்ப்பதும் மொழிபெயர்ப்பதும் என் வேலை. புதிதாக எழுத வருகிறவர்களின் பக்கங்களில் நான் அதிகம் திருத்துவது இந்த வகைச் சொற்களைத்தான். ஒப்பந்தப்புள்ளி நிராகரிப்பும் 'வருத்தம்', அப்பா இறந்ததும் 'வருத்தம்', இருபது வயதில் விட்டுவந்த ஊரை நினைப்பதும் 'வருத்தம்' என்றே வரும். தமிழில் சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. எந்த இடத்தில் எதை எடுப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை, அவ்வளவுதான். நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

படி 1: எழுதும் முன் மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: துயரம் யாருக்காக? எனக்காகவா, இன்னொருவருக்காகவா? இரண்டாவது: அது எந்தக் காலத்தைப் பற்றியது? நடந்து முடிந்ததா, நடந்துகொண்டிருப்பதா, நடக்காமலே போனதா? மூன்றாவது: அதில் என் கை இருக்கிறதா? நான் செய்ததாலோ செய்யாமல் விட்டதாலோ வந்த துயரமா, தானாக வந்ததா?

அம்மாவைக் கடைசியாக ஒருமுறை பார்க்காமல் போனவருக்கு மூன்று கேள்விக்கும் பதில் உண்டு: தனக்காக, முடிந்துபோனது, தன் கை இருக்கிறது. அவருக்கு வேண்டிய சொல் 'சோகம்' இல்லை. பக்கத்து வீடு தீப்பிடித்து எரிந்துகொண்டிருப்பதைக் கேட்டு வருந்துகிறவருக்கு மூன்று பதிலும் வேறு. இந்த மூன்றையும் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 2: 'வருத்தம்' என்ற சொல்லை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா இடத்துக்கும் இந்தச் சொல்லையே எடுப்பதால், இதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. வருந்து என்ற வினைக்குள் உழைப்பு இருக்கிறது. "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" என்பது நாம் பள்ளியிலேயே படித்த குறள் (619). அதில் வருத்தம் என்பது உடம்பு பாடுபடுவது. குறள் 468இல் "ஆற்றின் வருந்தா வருத்தம்" என்று வருவதும் முறையாகச் செய்யப்படாத முயற்சியைத்தான். "வருந்தினால் வாராதது இல்லை" என்ற பழமொழியும் முயன்றால் முடியும் என்றே சொல்கிறது. சோகமாக இருந்தால் எல்லாம் கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

தேவாலய வாசல்களில் ஒரு வசனம் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்." மத்தேயு 11:28. இதில் உள்ள வருத்தமும் பாடுபடுதல்தான், உழைத்துக் களைத்தவர்களை அழைக்கும் வரி அது. சோகமாக இருப்பவர்களை அழைப்பதாக நினைத்து இதை மேற்கோள் காட்டிய கட்டுரை ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது.

உழைப்பிலிருந்து களைப்பு, களைப்பிலிருந்து உடல் நோவு, அங்கிருந்து மன நோவு என்று இந்தச் சொல் நகர்ந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஈழத்தில் உடல் நோவோடு நின்றது, தமிழ்நாட்டில் மனதுக்குப் போனது. "வருந்தி வருந்தி அழைத்தார்கள்" என்று சொல்லும்போது மட்டும் இங்கும் பழைய பொருள் எட்டிப் பார்க்கும். அப்படி அழைத்தவர்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை, விடாமல் வற்புறுத்தினார்கள்.

இன்றைய எழுத்தில் 'வருத்தம்' மிதமான சொல். சின்ன ஏமாற்றம், நண்பனின் பாராமுகம், வரமுடியாத கல்யாணம் ஆகியவற்றுக்குப் போதும். மரணத்துக்குப் போதாது.

படி 3: 'இரங்கல்' எழுதும்போது எழுத்தையும் பொருளையும் பாருங்கள்

முதலில் எழுத்து. இரங்கல், இரக்கம், இரங்குதல் எல்லாவற்றுக்கும் இடையின ர. இறங்குதல், இறக்கம் இரண்டுக்கும் வல்லின ற; அவை மேலிருந்து கீழே வருவதைக் குறிப்பவை. 'இறப்பு' என்ற சொல்லும் பக்கத்திலேயே வருவதால் கை தானாக 'இறங்கல் செய்தி' என்று அடித்துவிடும். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் இந்தப் பிழையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். போனவரின் படத்துக்குக் கீழே, அவர் பிள்ளைகள் பல வருடம் எடுத்து வைத்திருக்கப்போகும் ஒரு தாளில், அப்படி ஒரு பிழை இருப்பதை என்னால் தாங்க முடிவதில்லை. எதைச் சரிபார்க்க நேரம் இல்லாவிட்டாலும் இதைச் சரிபாருங்கள்.

இனி பொருள். இரங்கு என்பதற்குப் பழந்தமிழில் ஒலித்தல் என்ற பொருளும் உண்டு. முரசு இரங்கும், இடி இரங்கும். நெய்தல் திணைக்குத் தொல்காப்பியம் வகுத்த உரிப்பொருள் 'இரங்கல்'. கடற்கரையில் இருந்து ஆற்றாமையோடு புலம்புவது அது. வாய்விட்டு வருந்துவதுதான் இரங்கல். உள்ளுக்குள் அடக்கிக்கொள்வதற்கு இது பொருந்தாது.

இன்று இரக்கம் என்றால் நமக்குப் பிறர் மேல் வரும் கருணை. பழைய பாட்டில் அப்படிப் படித்தால் தடம் மாறிவிடும். புறநானூற்றின் 243ஆம் பாட்டு "இனி நினைந்து இரக்கம் ஆகின்று" என்று தொடங்குகிறது. ஒரு முதியவர் தன் சின்ன வயதை நினைக்கிறார். மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டிய பெண்பிள்ளைகளோடு கைகோத்துக் குளத்தில் ஆடியது, நீரை ஒட்டித் தாழ்ந்த மருத மரக் கிளையில் ஏறி, கரையில் நின்றவர்கள் மருளும்படி ஆழமான மடுவில் 'துடும்' என்று குதித்தது, அடிவரை போய் மணலை அள்ளி வந்து காட்டியது. அந்த இளமை இப்போது எங்கே இருக்கிறதோ என்று கேட்கிறார். இன்று கையில் பூண் கட்டிய தடி, உடம்பில் நடுக்கம், இருமலுக்கு நடுவே சில சொற்கள். பாடியவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தடியைச் சொல்லும் தொடரையே பெயராக்கி, தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கிறோம்.

இந்த 'இரக்கம்' பிறர்மேல் வந்தது அல்ல. கழிந்துபோன தன் காலத்துக்காகத் தானே இரங்குவது. பின்னால் வந்த 'கழிவிரக்கம்' என்ற சொல்லைப் பிரித்தால் இதுவே கிடைக்கும்: கழிவு, இரக்கம். கடந்து போனதை எண்ணி இரங்குதல். இப்போது பலர் இதைத் தன்னைத்தானே பாவம் என்று நினைத்துக்கொள்வதற்குப் பயன்படுத்துகிறார்கள். அதற்குத் 'தன்னிரக்கம்' என்று தனியாகவே ஒரு சொல் இருக்கிறது. இரண்டையும் கலக்காதீர்கள். இழந்ததையோ தவறவிட்டதையோ நினைத்தால் கழிவிரக்கம், 'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்றால் தன்னிரக்கம்.

தன் செயலை நினைத்து இரங்குவதற்குக் குறளில் நேரான இடம் ஒன்று உண்டு: "எற்றென்று இரங்குவ செய்யற்க செய்வானேல் மற்றன்ன செய்யாமை நன்று" (655). 'என்ன காரியம் செய்துவிட்டேன்' என்று பின்னால் இரங்கும்படியானதைச் செய்யாதே என்பது முதல் பாதி. இரண்டாம் பாதியைப் பலர், செய்துவிட்டால் மறுபடி அப்படிச் செய்யாதே என்று படிக்கிறார்கள். பரிமேலழகர் வேறு மாதிரி படிக்கிறார்: செய்துவிட்டால் பின்னால் உட்கார்ந்து அப்படி இரங்கிக்கொண்டிருக்காதே. எனக்கு இரண்டாவது உரை மிகவும் பிடிக்கும். செய்துவிட்ட தவற்றையே எண்ணிக்கொண்டு வருடக்கணக்கில் முடங்கிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படி 4: 'தாபம்' என்று முடியும் சொற்களைச் சேர்த்துப் படியுங்கள்

பச்சாத்தாபம், அனுதாபம், பரிதாபம், மனஸ்தாபம். நான்கும் வடமொழியிலிருந்து வந்தவை, நான்கிலும் தாபம் என்பது சூடு, எரிதல்.

பச்சாத்தாபம் என்றால் பின்னால் எரிவது. செய்தபோது தெரியாமல், அப்புறம் சுடுவது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தியிலும் இன்றும் அதற்குச் செய்த தவற்றுக்கு வருந்துதல் என்றுதான் பொருள். தமிழில் அது தலைகீழாகிவிட்டது. "அவனைப் பார்த்தால் பச்சாதாபமாக இருக்கிறது" என்கிறோம், ஒரு 'த்'தும் வழியில் விழுந்துவிட்டது. அனுதாபமும் அப்படித்தான். வடமொழியில் தன் செயலுக்கு வருந்துவது, தமிழில் அடுத்தவர் துயரத்தில் பங்கு கொள்வது. பரிதாபம் மூலத்தில் சுற்றிலும் சுடும் வேதனை, நமக்கு அது பார்ப்பவரின் இரக்கம்.

முந்தைய படியில் பார்த்த இரக்கத்தையும் இவற்றோடு வைத்துப் பாருங்கள். தனக்காக எரிந்த சொற்கள் தமிழில் ஒவ்வொன்றாகப் பிறருக்காக எரியத் தொடங்கியிருக்கின்றன. ஏன் என்று எனக்குத் திட்டமாகச் சொல்லத் தெரியாது. ஆனால் விளைவு தெரியும்: தான் செய்த தவற்றுக்கு வருந்துவதைக் குறிக்க ஒரு கூர்மையான பெயர்ச்சொல் இன்று பேச்சில் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் 'வருத்தம்' வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே பிற மொழியிலிருந்து மொழிபெயர்க்கும்போது, தவற்றை எண்ணி வருந்தும் இடத்தில் 'பச்சாதாபம்' போடாதீர்கள். அகராதி சரி என்று சொல்லும், வாசகர் வேறு ஒன்றைப் புரிந்துகொள்வார்.

மனஸ்தாபத்தின் கதை இன்னும் சுவையானது. ஊரில் மனஸ்தாபம் என்றால் இரண்டு சம்பந்திகளுக்கு நடுவே பேச்சுவார்த்தை நின்றுபோவது. கத்தோலிக்கர்களுக்கு 'உத்தம மனஸ்தாபம்' என்றால் பாவத்துக்காக முழு மனதோடு வருந்துவது, அதற்கென்று ஒரு மந்திரமே உண்டு. பழைய தமிழ் விவிலியத்தில் ஆதியாகமம் 6:6இல், மனுஷனை உண்டாக்கினதற்காகக் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார் என்றும் அது அவர் இருதயத்துக்கு விசனமாயிருந்தது என்றும் வருகிறது. இதைக் கோபித்துக்கொண்டார் என்று படித்தால் வசனமே கெட்டுப்போகும். முஸ்லிம்களின் தமிழில் இதே இடத்துக்குக் 'கைசேதம்' என்ற அழகான சொல் இருக்கிறது. குர்ஆன் மொழிபெயர்ப்புகளிலும் பயான் என்னும் மார்க்கச் சொற்பொழிவுகளிலும் கேட்கலாம், காலம் போன பிறகு கைநழுவியதை எண்ணிக் கலங்குவது. நீங்கள் எழுதும் மனிதர் எந்த வீட்டில் வளர்ந்தவர் என்று பார்த்துச் சொல்லை எடுங்கள்.

படி 5: பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினைமுடிவைப் பிடியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். தமிழ் பேசுகிற யாரும் நெஞ்சு வெந்து நிற்கும்போது "எனக்குக் கழிவிரக்கம் உண்டாகிறது" என்று சொல்ல மாட்டார்கள். "அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருக்கலாமே" என்பார்கள். "கேக்காமப் போயிட்டேனே." "நல்லாத்தானே இருந்தா."

கடைசியில் வரும் ஒரு ஏகாரம் முழுத் துயரத்தையும் சுமக்கிறது. 'போயிருக்கலாம்' என்பது ஒரு கருத்து, 'போயிருக்கலாமே' என்பது ஒரு காயம். 'சொன்னேன்' என்பதைச் 'சொல்லிவிட்டேனே' ஆக்கினால், இனி திரும்ப எடுக்க முடியாது என்பதும் அதில் சேர்ந்துவிடும். விடு என்ற துணைவினை முடிந்துபோனதைக் காட்டுகிறது, ஏகாரம் அதற்கு அழுகிறது.

இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. தொல்காப்பியம் 'மன்' என்ற இடைச்சொல்லுக்குச் சொல்லும் மூன்று பொருளில் முதலாவதே 'கழிவு', முன்பு இருந்து இப்போது இல்லாமல் போனது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூறு 235. "சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே" என்று ஆரம்பிக்கிறார். கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எனக்கே கொடுத்துவிடுவான், இனி அது இல்லை. அந்த 'இனி அது இல்லை' என்பதற்குப் பாட்டில் தனியாக ஒரு வார்த்தை கிடையாது. 'மன்னே' என்ற ஒன்றே அதைச் சொல்கிறது. அடுத்தடுத்து மன்னே, மன்னே என்று வரும்போது, ஒவ்வொன்றும் மூடிக்கொள்ளும் கதவு மாதிரி கேட்கும்.

மன் நம் பேச்சிலிருந்து போய்விட்டது. "இருந்தால் எனக்குத் தந்திருப்பாரே" என்ற 'இருப்பாரே' அந்த வேலையைப் பார்க்கிறது. கதை எழுதுகிறீர்கள், கடிதம் எழுதுகிறீர்கள் என்றால், வருத்தம், துயரம், வேதனை என்ற பெயர்ச்சொற்களை எல்லாம் முதலில் அடித்துவிட்டு, அந்த வாக்கியம் 'ஏ'யில் முடியுமா என்று பாருங்கள். அலுவலகக் கடிதத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

படி 6: பக்கத்து வீட்டுச் சொற்கள்

இவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். ஆதங்கம், நடந்திருக்க வேண்டியது நடக்காததால் வரும் மனக்குறை: நல்ல பாட்டுக்காரி, வாய்ப்புத்தான் அமையவில்லை என்ற ஆதங்கம். அதில் கொஞ்சம் நியாயம் கேட்கும் தொனியும் உண்டு. ஏக்கத்தில் நியாயம் கேட்பது இல்லை, வேண்டும் என்ற தவிப்பு மட்டும். அங்கலாய்ப்பு, குறையை யாரிடமாவது கொட்டித் தீர்ப்பது. மனத்தாங்கல் வெளியே சொல்லாமல் உள்ளே வைத்திருக்கும் குறை, பெரும்பாலும் நெருங்கியவர்கள் மேல். நொந்துகொள்வது தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வது. 'யாரை நொந்து என்ன' என்னும்போது அதே வினை பிறரையும் குறிக்கும்.

புலம்பலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடச் சொல்ல வேண்டும். இன்று சலிப்பூட்டும் பேச்சை அப்படிச் சொல்கிறோம். தொல்காப்பியம் "புலம்பே தனிமை" என்கிறது. கேட்க ஆள் இல்லாதவர் பேசுவது புலம்பல். அதைத் தெரிந்துகொண்ட பிறகு, வயதானவர்களைப் பற்றி எழுதும்போது 'புலம்பினார்' என்று எழுத எனக்குக் கை வருவதில்லை, அவர் தனியாக இருந்தார் என்று உண்மையிலேயே சொல்ல நினைத்தால் தவிர.

கவலை இங்கே நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம். இலங்கையில் நடந்துவிட்டதற்கும் அதுவே: "கேட்டுக் கவலையாப் போச்சு." இலங்கை எழுத்தைப் பதிப்பிக்கிறவர்கள் இதையும் வருத்தத்தையும் திருத்தப் போகாதீர்கள், அவை பிழை அல்ல.

படி 7: வருத்தம் தெரிவிப்பதா, மன்னிப்புக் கேட்பதா?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பு நின்றுபோகும்போதெல்லாம் காட்டிய 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டையை ஒரு தலைமுறையே மறக்காது. அந்த இடத்துக்கு அது சரியான வாக்கியம். மின்சாரம் போனது, கருவி பழுதானது. நிலையத்தாரின் தனிப்பட்ட தவறு அதில் இல்லை, பார்ப்பவருக்கு இடைஞ்சல் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் வருந்தலாம்.

நம் கை இருந்தால் வருந்துவது போதாது. "எங்கள் செயல் யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறோம்" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். 'இருந்தால்' என்ற ஒரு சொல் தவறு நடந்ததா என்பதையே சந்தேகத்தில் விட்டுவிடுகிறது. பத்திரிகைகளில் 'வருத்தம் தெரிவித்தார்' என்பதும் 'மன்னிப்புக் கேட்டார்' என்பதும் இரண்டு வேறு செய்திகள். ஒன்றை மற்றதாக மாற்றி எழுதினால் செய்தியே பொய்யாகிவிடும், நிருபராக வருகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

மன்னிப்புக் கேட்கும் கடிதத்தில் வினையையும் பாருங்கள். 'தவறு நடந்துவிட்டது', 'தவறு நேர்ந்துவிட்டது' இரண்டிலும் செய்தவர் இல்லை. 'நான் தவறு செய்துவிட்டேன்' என்பதில் இருக்கிறார். "உங்கள் பெயரைத் தவறாக அச்சிட்டுவிட்டோம். மன்னித்துக்கொள்ளுங்கள். நாளைய இதழில் திருத்தம் வரும்." இவ்வளவுதான் வேண்டும். நடுவில் ஆழ்ந்த, மிகுந்த, உளமார்ந்த எதுவும் தேவை இல்லை.

படி 8: சாவுச் செய்திக்கு எழுதும்போது

'ஆழ்ந்த இரங்கல்' என்று இரண்டு சொல்லோடு நிறுத்துவது இப்போது பழகிவிட்டது. தூரத்துப் பழக்கத்துக்கு அது தவறில்லை. தெரிந்தவருக்கு எழுதினால், போனவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஒரே ஒரு காரியத்தைச் சேருங்கள். "உங்க அப்பா எனக்கு சைக்கிள் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுத்தார்" என்ற வரி, பத்து இரங்கலைவிட அந்த வீட்டுக்கு வேண்டியது.

'காலமானார்' எல்லா வீட்டுக்கும் பொருந்தும். மற்றவற்றைக் குடும்பத்தைக் கேட்டு எழுதுங்கள்: சிவபதவி அடைந்தார், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், வஃபாத்தானார், இயற்கை எய்தினார். கடவுள் மறுப்பாளராக வாழ்ந்த ஒருவரை இறைவனடி சேர்ப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

விசாரிக்கப் போவதற்குத் தென்மாவட்டங்களில் 'கேதம் கேட்பது', 'துட்டி கேட்பது' என்பார்கள், பொதுவாகத் துக்கம் விசாரிப்பது. இலங்கைத் தாள்களில் மரண அறிவித்தல், துயர் பகிர்வு, 31ஆம் நாள் நினைவஞ்சலி என்ற தலைப்புகளைப் பார்ப்பீர்கள். இழவு என்பது இழ என்ற வினையிலிருந்து வந்த நல்ல சொல், இழப்பு என்று பொருள். பேச்சில் அது வசவாகிவிட்டதால் எழுத்தில் தவிர்த்துவிடுங்கள். விசாரித்துவிட்டு எழும்போது 'போய்ட்டு வர்றேன்' என்று சொல்வதில்லை என்பதைப் புதியவர்கள் மறந்துவிடக் கூடாது. அங்கே பேசாமல் எழுந்து வருவதே வழக்கம்.

படி 9: பின்னால் போவதைச் சொல்லும் சொற்கள்

துயரத்தோடு இவற்றை ஏன் சேர்க்கிறேன் என்று தோன்றலாம். உணர்ச்சிகள் வெளிப்படும் விதத்தைச் சொல்லும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு: "இளிவே இழவே அசைவே வறுமை". இகழப்படுவது, இழப்பது, அசைவு, வறுமை. இதில் அசைவு என்பதை உரைகாரர்கள் முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்ந்து தளர்வது என்று விளக்குகிறார்கள். ஒருவன் ஏழையாகவே இருப்பது வேறு, இருந்த இடத்திலிருந்து இறங்குவது வேறு என்று அன்றே பிரித்து வைத்திருக்கிறார்கள். ஊரில் 'வாழ்ந்து கெட்ட குடும்பம்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அதுதான்.

இன்றைய செய்தித்தாளில் எல்லாவற்றுக்கும் 'பின்னடைவு' போடுகிறார்கள். முன்னேறிக்கொண்டிருந்தது பின்னால் தள்ளப்பட்டால்தான் பின்னடைவு. வாக்கு எண்ணிக்கையில், வழக்கில், தேறிவந்த நோயாளியின் உடல்நிலையில் சரியாக உட்காரும். தானே முடிவு செய்து பின்னால் போனால் பின்வாங்குதல். நகராமல் நின்றால் தேக்கம். எண்கள் இறங்கினால் சரிவு, அதில் சோகம் இருக்க வேண்டும் என்று இல்லை, தங்கம் விலைச் சரிவு வாங்குபவருக்கு நல்ல செய்தி. கடையோ தொழிலோ என்றால் நொடித்துப்போவது. கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டே வந்தால் தேய்வது, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. கருத்தும் அரசியலும் என்றால் பிற்போக்கு. கிறிஸ்தவ சபைகளில் விசுவாசத்திலிருந்து நழுவுவதற்குப் 'பின்மாற்றம்' என்று தனிச் சொல் இருக்கிறது.

'பின்தங்கிய' என்பதற்கும் 'பிற்படுத்தப்பட்ட' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள். முதலாவதில் அவர்களே பின்னால் நின்றுவிட்டது போல இருக்கிறது. இரண்டாவதில், யாரோ அவர்களைப் பின்னால் தள்ளினார்கள் என்பது இலக்கணத்திலேயே இருக்கிறது. மக்களைப் பற்றி எழுதும்போது அரசாணையில் உள்ள 'பிற்படுத்தப்பட்டோர்' என்பதையே எழுதுங்கள். வரலாற்றை ஒரு விகுதியில் வைத்திருக்கும் சொல் அது.

புள்ளியியலில், ஒன்று மாறும்போது இன்னொன்று எப்படி மாறுகிறது என்று கணக்கிடும் ரிக்ரஷன் என்ற முறையைப் 'பின்னடைவு' என்று பெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரி உயரத்தை நோக்கி நெருங்குவதைப் பார்த்து, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் வைத்த பெயர் அது. இன்று அந்தக் கணக்குக்கும் பின்னால் போவதற்கும் தொடர்பு இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல் 'தொடர்புப் போக்கு' என்கிறது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி பிறந்ததும், படுக்கையை நனைப்பதை நிறுத்தியிருந்த மூத்தவன் மறுபடி நனைக்கத் தொடங்குவான், மழலை திரும்பும், இடுப்பை விட்டு இறங்க மாட்டான். உளவியல் நூல்களை மொழிபெயர்ப்பவர்கள் இதற்குக் கனமான சொற்களைக் கட்டுகிறார்கள். 'மறுபடியும் கைக்குழந்தை ஆகிவிட்டான்' என்றால் எந்த அம்மாவுக்கும் புரியும். அடுத்த பிள்ளை வந்ததால் தாய்ப்பால் நின்று மெலிந்துபோன குழந்தைக்கு நம்மிடம் 'சவலை' என்று ஒரு சொல்லே இருக்கிறது. அது உடம்பைப் பற்றியது, மனதுக்கு நீட்டினாலும் கொஞ்சம் பொருந்தும்.

படி 10: கையில் எடுத்துத் திருத்திப் பாருங்கள்

"அவருடைய மறைவு எங்கள் குடும்பத்துக்குப் பெரும் பின்னடைவு." பின்னடைவிலிருந்து மீண்டுவிடலாம். இவர் திரும்பி வரப்போவதில்லை. 'பேரிழப்பு' என்று மாற்றுங்கள்.

"எங்கள் ஊழியர் தவறாகப் பேசியிருந்தால் வருந்துகிறோம்." பேசினார் என்பது தெரிந்தே எழுதும் கடிதம் இது. "எங்கள் ஊழியர் உங்களிடம் மரியாதை இல்லாமல் பேசிவிட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள்."

"அன்று அவளைத் தடுக்காததற்காக அவன் பச்சாதாபப்பட்டான்." ஒரு மொழிபெயர்ப்பில் இப்படி வந்தால்: "அன்று அவளைத் தடுத்திருக்கலாமே என்று அவனுக்குத் திரும்பத் திரும்பத் தோன்றியது."

கடைசியாக ஒன்று, இதை நான் பல நாள் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். "இனி நினைந்து இரக்கம் ஆகின்று." இன்றைய தமிழில் எப்படிச் சொல்வது? 'இப்போது நினைத்தால் இரக்கமாக இருக்கிறது' என்றால் அவர் யாரோ ஒருவருக்காகப் பரிதாபப்படுகிறார் என்று ஆகிவிடும். 'வருத்தமாக இருக்கிறது' என்றால் குளமும் மருத மரமும் மணலும் அதில் தங்கவில்லை. 'ஏக்கமாக இருக்கிறது' என்றால் இன்னும் வேண்டும் என்று கேட்பது போல் இருக்கிறது. அவர் கேட்கவில்லை, போய்விட்டது என்று தெரிந்துகொண்டே பேசுகிறார். 'கழிவிரக்கம் கொள்கிறேன்' என்று தடி ஊன்றிய எந்தக் கிழவரும் இருமலுக்கு நடுவே சொல்ல மாட்டார். பிறகு என் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து தன் பிறந்த ஊரைப் பற்றிப் பேசிவிட்டுச் சொல்லும் ஒரு வரி நினைவுக்கு வந்தது. அதையே எழுதி வைத்திருக்கிறேன்: "இப்ப நினைச்சா மனசு என்னவோ செய்யுது."